திவால் ஏலத்தில் தொழிற்சாலை: இறங்கும் சுமையும் இறங்காத சுமையும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை ஒட்டி இருக்கும் ஏ.எஃப்.டி. ஆலையை ஊர்க்காரர்கள் இன்றும் ரோடியர் மில் என்றே சொல்கிறார்கள். 1898இல் தொடங்கிய அந்த ஆலை 1980களின் நடுவில் அரசின் கைக்கு வந்தது. 2011 டிசம்பர் 30இல் கரை கடந்த தானே புயலில் சேதமடைந்தது. 2020 ஏப்ரல் 30உடன் முறைப்படி மூடப்பட்டது. சவானா மில் என்று பேர் பெற்ற சுதேசி ஆலையும், கெப்ளே மில்லாக இருந்து பின்னாளில் பாரதி ஆலையானதும் அதே போல் ஓய்ந்தன. 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்களைப் பறிகொடுத்து, அந்தப் போராட்டத்தின் பயனாக 8 மணி நேர வேலை உரிமையைப் பெற்ற நகரம் இது. இங்கே ஓர் ஆலை மூடப்படுவது முதலாளியின் சொந்த விவகாரமாக ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த மூன்று ஆலைகளும் அரசின் பொறுப்பில் இருந்தவை. அவற்றின் நிலத்தை என்ன செய்வது என்பதை ஆட்சியாளர்களே முடிவு செய்கிறார்கள். ஏ.எஃப்.டி. திடல் பொதுக்கூட்டங்களுக்குப் பயன்பட்டு வந்தது. 2024இல் தற்காலிகப் பேருந்து நிலையமும் ஆனது. தனியார் ஆலையின் கதி வேறு. தட்டாஞ்சாவடியிலோ மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப்போய் வழக்கு முற்றினால், அதன் நிலம், ஷெட், எந்திரம் எல்லாம் சென்னையில் இருக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் மேற்பார்வையில் ஏலத்துக்கு வரும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து அந்தச் சென்னை அமர்வுதான்.

இப்படி வரும் சொத்தை வாங்கலாமா, எந்த விலைக்கு வாங்கலாம், அந்தப் பணம் யாருக்குப் போகிறது? இந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பேசுவதே நம் வழக்கம். மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். திவால் சட்டம் கம்பெனியின் கடன் சுமையைச் சொத்திலிருந்து இறக்கி வைக்கிறது. இடத்தின் சுமையை இறக்குவதில்லை. எது இறங்கும், எது இறங்காது என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் நியாயமான விலை கேட்பார். தெரியாவிட்டால் ஏலம் தோற்கும். தோற்ற ஏலத்தின் நட்டம் கடைசியில் தொழிலாளியின் தலையில் விழும்.

எந்தச் சட்டத்தின் கீழ் விற்பனை?

நொடித்த ஆலையை விற்க நம் நாட்டில் அடுத்தடுத்துப் பல சட்டங்கள் வந்தன. 1956ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைத்தது. நீதிமன்றத்தோடு இணைந்த அரசு லிக்விடேட்டர் சொத்துகளை விற்றார். நலிந்த ஆலைகளுக்கு உயிரூட்ட 1985இல் தனிச் சட்டம் வந்து, 1987இல் பி.ஐ.எஃப்.ஆர். வாரியம் இயங்கத் தொடங்கியது. உயிரூட்டும் முயற்சி நடக்கும் வரை கடன் கொடுத்தவர் கை வைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நல்ல நோக்கம்தான். ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டதில் எந்திரம் துருப்பிடித்தது, கூரை இறங்கியது. பிழைக்கக்கூடிய ஆலைகள்கூடக் காத்திருந்தே செத்தன. வங்கிகளுக்காக 1993இல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களும், நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை விற்கும் உரிமையோடு 2002இல் சர்ஃபேசி சட்டமும் வந்தன. இறுதியாக 2016இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் கம்பெனிகளுக்கு நடைமுறைக்கு வந்தது. பி.ஐ.எஃப்.ஆர். அன்றே முடிவுக்கு வந்தது.

செய்தித்தாளில் வரும் ஏல அறிவிப்புகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வங்கி சர்ஃபேசி சட்டத்தில் விற்பதும் திவால் சட்டத்தில் லிக்விடேட்டர் விற்பதும் ஒன்றல்ல. முன்னதில் வங்கி தன் அடமானத்தை மட்டும் விற்கிறது. மற்ற பாக்கிகளைத் தீர்ப்பது அதன் வேலையல்ல. பின்னதில் எல்லாக் கடன்களும் ஒரே பட்டியலில் சேர்ந்து, விற்ற பணத்தின் மேல் உரிமை கோருகின்றன. 2020 மார்ச் 24 முதல் திவால் வழக்குத் தொடுக்கக் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஆகவே சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் வங்கி ஏலத்துக்குத்தான் வரும். நடுத்தர ஆலைகளே கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் வரை போகும். அறிவிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது விலை அல்ல, எந்தச் சட்டம் என்பதுதான்.

தீர்ப்பாயத்துக்குள்ளும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் கம்பெனியை மீட்கத் திட்டம் கேட்பார்கள். அதற்குச் சட்டம் தரும் உச்ச அவகாசம் 330 நாள். பல வழக்குகள் இதைத் தாண்டிப் போகின்றன. ஏற்கத்தக்க திட்டம் வராவிட்டால் கலைப்பு உத்தரவு வரும், லிக்விடேட்டர் பொறுப்பேற்பார். இதுவரை முடிந்த வழக்குகளில் மீட்பில் முடிந்தவற்றைவிடக் கலைப்பில் முடிந்தவையே இரண்டு மடங்குக்கு மேல். சொத்து ஏலம் என்பது இந்தச் சட்டத்தில் விதிவிலக்காக இல்லை. நடைமுறையில் அதுவே பெருவழியாகிவிட்டது.

ஏலம் நடக்கும் விதம்

மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பை வைத்து லிக்விடேட்டர் அடிப்படை விலை குறிப்பார். 2025 ஏப்ரல் 1 முதல் இந்த இ-ஏலங்கள் பாங்க்நெட் என்ற பொதுத்துறை வங்கிகளின் தளத்தில்தான் நடக்க வேண்டும் என்று இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் ஆணையிட்டது. கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். அது அடிப்படை விலையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏலம் எடுத்தவர் மீதித் தொகையை, லிக்விடேட்டர் பணம் கேட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் கட்டியாக வேண்டும். முதல் 30 நாளுக்கு வட்டி இல்லை. அதன் பிறகு ஆண்டுக்கு 12 விழுக்காடு. 90 நாள் தாண்டினால் விற்பனை ரத்து.

10 கோடிக்கு ஏலம் எடுத்து 1 கோடி முன்வைப்பு கட்டியவர் மீதி 9 கோடியை 90ஆம் நாளில் கட்டினால், 60 நாள் வட்டி மட்டும் ஏறத்தாழ 18 லட்சம். வட்டியைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது. கையில் பத்திரம் இல்லாத சொத்துக்குக் கடன் தர வங்கிகள் தயங்கும். பணம் முழுவதும் கட்டாமல் பத்திரம் வராது. ஆகவே ஏலத்துக்கு முன்பே பணத்துக்கு வழி செய்துகொள்ளாதவர் கலந்துகொள்ளக் கூடாது. தமிழ்நாட்டு ஓட்டல் கம்பெனி ஒன்றின் கலைப்பு வழக்கில் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இந்த 90 நாள் விதி கட்டாயமானது என்றே கொண்டது. அந்த வழக்கில் வாங்கியவர் தப்பியது கொரோனா கால ஊரடங்குக்குத் தரப்பட்ட விலக்கால்தான். அந்தச் சலுகை இனி யாருக்கும் கிடைக்காது.

வாங்குபவருக்குச் சாதகமான தீர்ப்பும் உண்டு. ஈவா அக்ரோ ஃபீட்ஸ் வழக்கில் 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி நடந்த ஏலத்தில் அதிக விலை கேட்டவர் இருக்கும்போது, இன்னும் கூடுதல் விலை வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் காரணமாக வைத்து லிக்விடேட்டர் ஏலத்தைத் தள்ளிவிட முடியாது என்று சொன்னது. ஏலம் ஏலமாக நிற்க இந்த உறுதி மிக அவசியம். எடுத்தது நிலைக்காது என்ற ஐயம் இருக்கும் இடத்தில் நேர்மையான ஆள் பணத்தோடு வரமாட்டார்.

யார் வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கம்பெனியை நொடிக்க வைத்த பழைய உரிமையாளர் பின்வாசல் வழியே மலிவு விலைக்குத் திரும்ப எடுப்பதைச் சட்டத்தின் 29ஏ பிரிவு தடுக்கிறது. கலைப்பு ஏலத்துக்கும் அந்தத் தடை பொருந்தும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு மட்டும் சில தடைகளிலிருந்து விலக்கு இருக்கிறது. அவர்களைத் தவிர வேறு யாரும் வாங்க வராத சின்ன ஆலைகள் இருப்பதை உணர்ந்த விலக்கு அது.

இறங்கும் சுமை

விற்ற பணம் எந்த வரிசையில் போகும் என்பதை 53ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் வழக்கு, கலைப்புச் செலவு. அடுத்த படியில் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கியும், தங்கள் பிணையைப் பொதுத் தொகுப்பில் விட்டுக்கொடுத்த வங்கிகளும் சமமாக நிற்பார்கள். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி, பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்கள், அரசின் வரி பாக்கி என்று போய்க் கடைசியில் பங்குதாரர். இந்தப் பட்டியலுக்கு வெளியே வந்து புதிதாக வாங்கியவரைப் பிடித்துப் பழைய கடனைக் கேட்க வழியில்லை என்பதே திவால் ஏலத்தின் பெரிய பலம்.

குற்ற வழக்கு நிழலும் விலகுகிறது. பழைய நிர்வாகம் மோசடி செய்திருந்தால், அவர்களோடு தொடர்பில்லாத ஒருவர் வாங்கிய சொத்தை அந்தக் குற்றத்துக்காக முடக்கவோ பறிமுதல் செய்யவோ கூடாது என்று 2020 திருத்தத்தில் வந்த 32ஏ பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் அதைச் செல்லும் என்றது. குற்றம் செய்தவர்கள்மேல் வழக்கு தொடரும். சொத்து மட்டும் விடுபடும்.

இறங்காத சுமை

அதிகம் வழக்காடப்பட்டது மின் கட்டண பாக்கி. 2020 ஜூனில் ஸ்ரீக்தா பெவரேஜஸ் வழக்கில், வங்கி ஏலத்தில் ஆலையை வாங்கியவரே பழைய மின் பாக்கியைக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையை ஏற்று வாங்கியவர் அவர். 2023 மே மாதம் கே.சி. நைனான் வழக்கில், பாக்கியைத் தீர்த்தால்தான் புது இணைப்பு என்று மின் விதிகள் சொல்லுமானால் அது செல்லும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் ராமன் இஸ்பாத் வழக்கில், திவால் கலைப்பில் மின் நிறுவனமும் 53ஆம் பிரிவு வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், வங்கி ஏலத்தைவிடத் திவால் ஏலத்தில் வாங்குபவரின் நிலை இந்த ஒரு விஷயத்தில் உறுதியானது என்று தெரிகிறது. ஆனாலும் இணைப்பு வாங்கப் போகும் மேசையில் பழைய பாக்கி பேசப்படும். ஏல ஆவணத்தில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி விடாமல் படிக்க வேண்டும்.

அடுத்தது குத்தகை. தொழிற்பேட்டைகளில் மனையின் உரிமை பெரும்பாலும் அரசுக் கழகத்துக்கே. தமிழ்நாட்டின் சிப்காட் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை தருவது வழக்கம். புதுச்சேரியில் அதே வேலைக்குப் பிப்டிக் கழகம் இருக்கிறது. கம்பெனிக்கு இருந்த உரிமைக்கு மேல் லிக்விடேட்டரால் எதையும் விற்க முடியாது. 99இல் 40 ஆண்டு கழிந்திருந்தால் வாங்குபவருக்கு மிச்சம் 59தான். பெயர் மாற்றத்துக்குக் கழகத்தின் அனுமதியும் கட்டணமும் வேறு. மனை விலையைச் சொந்த நிலத்தின் விலையோடு ஒப்பிட்டு 'மலிவு' என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

எந்திரங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆலைக்குள் நிற்பதெல்லாம் கம்பெனியுடையதாக இருக்காது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர், வேலைக்காக வந்து தங்கிய வாடிக்கையாளர் அச்சு எல்லாம் பிறர் சொத்து. 36ஆம் பிரிவு அவற்றை ஏலத்துக்கு வெளியே வைக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய சுமை மண்ணுக்குள் இருக்கிறது. நொய்யல் ஆற்றைச் சாகடித்த சாயக்கழிவுக்காகத் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் சட்டத்தின் பகுதியாக்கியது. 32ஏ பிரிவு பழைய குற்றத்துக்கான தண்டனையிலிருந்து சொத்தைக் காக்கும். குழியில் கிடக்கும் சேற்றை அது அள்ளாது. அந்த இடத்தில் தொழில் நடத்தப் புதிய இசைவு கேட்கும்போது, மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்றைய விதிகளைத்தான் பார்க்கும். கழிவை அகற்றும் செலவு வாங்குபவருக்கே வரும். ஏலம் கேட்கும் முன் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்ப்பது, பெண் பார்க்கப் போகும் முன் குடும்பத்தை விசாரிப்பது போல் அடிப்படையான காரியம்.

புதுச்சேரியில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

1954 நவம்பர் 1இல் நிர்வாகமும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு வந்த பகுதி இது. பழைய சொத்துகளின் மூலப் பத்திரம் நொத்தேர் என்ற பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலர் முன் பிரெஞ்சில் எழுதப்பட்டிருக்கும். இன்றைய பத்திரங்களிலும் மறு அளவை எண்ணோடு கதாஸ்தர் (பிரெஞ்சுக் கால நிலப் பதிவேடு) எண், பட்டா எண் என்று சேர்ந்தே வரும். ஏல ஆவணத்தில் ஒன்றை மட்டும் குறித்திருந்தால் மற்றவற்றோடு பொருத்திப் பார்க்காமல் நம்பக் கூடாது. வில்லங்கச் சான்று குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் பேசும்; அதற்கு முந்தையதைப் பிரெஞ்சுப் பத்திரம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் சொல்ல வேண்டும்.

முதலியார்பேட்டை போன்ற இடங்களில் இன்னொன்றும் உண்டு. ஆலை வந்த காலத்தில் ஊரின் ஓரமாக இருந்த பகுதி, இன்று வீடுகள் நெருங்கிய நகரம். ஆலை இருந்த இடத்தில் மறுபடியும் ஆலை வைக்கலாம் என்று எண்ணுபவருக்கு நகர அமைப்புத் திட்டம் இடம் கொடுக்காமல் போகலாம். வீட்டுமனையாக்கலாம் என்று எண்ணுபவருக்கும் நிலப் பயன்பாட்டை மாற்ற அனுமதி வேண்டும். இரண்டில் எது நடக்கும் என்று தெரியாமல் சொல்லும் விலை வெறும் சூதாட்டம்.

விலையும் தொழிலாளியும்

ஏலம் தோற்றால் லிக்விடேட்டர் அடிப்படை விலையை 25 விழுக்காடு வரை குறைக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு வரை. 10 கோடி ஏழரைக் கோடியாகும், அடுத்து 6.75 கோடி, அதற்கடுத்து 6.075 கோடி. காத்திருந்து மலிவாக எடுப்பது கெட்டிக்காரத்தனம் என்று தொழில் வட்டாரத்தில் பலர் சொல்கிறார்கள். வாங்குபவரின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த மாதங்களில் காவலுக்கும் காப்பீட்டுக்கும் வழக்குக்கும் ஆகும் செலவு எல்லாருக்கும் முன்னால் கழிகிறது. மிச்சத்தில்தான் தொழிலாளி வங்கியோடு பங்கு கேட்டு நிற்கிறார். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நிதி இரண்டும் கலைப்புத் தொகுப்பில் சேராது என்ற பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் முதலாளி கட்டியிருந்தால்தானே நிதி என்று ஒன்று இருக்கும்?

மும்பையில் 2005இல் தேசிய ஜவுளிக் கழகம் தன் ஆலை நிலங்களை ஏலம் விட்டபோது ஓர் ஆலை நிலத்துக்கு மட்டும் டி.எல்.எஃப். கட்டுமான நிறுவனம் 702 கோடி கொடுத்தது. நிலத்தில் என்ன கட்டலாம் என்பதைப் பொறுத்தே அப்படிப்பட்ட விலை அமைகிறது. விவரம் தெளிவாக இருந்தால் விலை ஏறும். அந்த நிலங்களில் எழுந்த கட்டடங்களில் பழைய நெசவாளிகளுக்கு இடமில்லாமல் போனது வேறொரு பாடம்: நல்ல விலை மட்டும் நல்ல முடிவாகிவிடாது.

உலகில் இதை இரண்டு விதமாக அணுகுகிறார்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவில் சொத்து பாக்கிகளிலிருந்து விடுபட்டு விற்கப்படுகிறது. விலையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. பிரான்சிலோ, இயங்கும் ஆலையை எடுக்க முன்வருவோரிடம் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கிறது: வேலைகள் நிலைக்குமா, கடன் கொடுத்தோருக்கு எவ்வளவு கிடைக்கும், சொன்னதைச் செய்வதற்கு என்ன உத்தரவாதம். விலை குறைத்துச் சொன்னவரிடமும் ஆலை போகலாம். நம் சட்டம் மீட்புத் திட்டக் கட்டத்தில் பிரான்சை ஓரளவு நெருங்குகிறது; கலைப்பு ஏலம் வந்ததும் முழுக்க விலைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பிரெஞ்சுச் சட்டத்தின் நிழலில் தொழிலாளர் உரிமை வென்ற புதுச்சேரிக்கு இந்த வேறுபாடு உறைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

வேலையைக் கணக்கில் எடுக்கும் ஏல முறைக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அது டெல்லியின் வேலை. ஆனால் இருக்கும் சட்டத்துக்குள்ளேயே இங்கே செய்யக்கூடியவை பல. ஏல அறிவிப்பு வரும் முன், மின்துறையும் மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவும் நகர அமைப்புக் குழுமமும் பிப்டிக்கும் அந்தச் சொத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எழுத்தில் லிக்விடேட்டருக்குத் தர வேண்டும்: பாக்கி எவ்வளவு, இசைவு எதற்குக் கிடைக்கும், குத்தகை எத்தனை ஆண்டு மிச்சம், பெயர் மாற்றக் கட்டணம் என்ன. லிக்விடேட்டர் மண் சோதனை அறிக்கையை ஆவணங்களோடு வைக்க வேண்டும். பெரிய வளாகத்தைப் பிரித்து விற்கவும் விதிகள் இடம் தருகின்றன. பயன்படுத்தினால் உள்ளூர்ச் சிறு தொழில்முனைவோர் நாலைந்து பேர் வாங்கும் அளவுக்கு வரும். அவர்கள் வந்தால் வேலையும் ஊரிலேயே மிஞ்சும்.

வாங்க நினைப்பவருக்கும் கடமை உண்டு. ஏல ஆவணத்தை வழக்கறிஞரோடும், எந்திரத்தைத் தொழில்நுட்பம் தெரிந்தவரோடும், மண்ணை ஆய்வுக்கூடத்தோடும் பார்த்துவிட்டு, இடத்துக்கு நேரில் போய் ஆக்கிரமிப்பும் வாடகைக்காரரும் இல்லையா என்று உறுதி செய்துகொண்டு, பணத்துக்கு வழி வைத்துக்கொண்டு, முதல் ஏலத்திலேயே நியாயமான விலை கேட்கட்டும். அப்படிக் கேட்பவர் மேல்முறையீட்டுக்கான நாட்கள் கழியும் வரை பொறுமையாகவும் இருக்கட்டும். விவரம் தெரிந்த ஒருவர் முதல் ஏலத்தில் துணிந்து கேட்கும் விலைதான், பல ஆண்டு உழைத்துவிட்டுச் சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் தொழிலாளிக்கு இந்தச் சட்டத்தின் வழியாகக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உதவி. அந்த விலை வருவதற்கான விவரத்தைத் திறந்து வைப்பது அரசின் பொறுப்பு. அதைத் தட்டிக் கழிக்கும் ஒவ்வொரு அலுவலகமும் அந்தத் தொழிலாளியின் பங்கைக் குறைக்கிறது.